பத்தாவது சொல்

ரெஜினாவிடம் கேள்வி கேட்கப் போனவர்கள் பதிலோடு திரும்புவதில்லை, வேலையோடுதான் திரும்புவார்கள் என்று சிங்காநல்லூரில் ஒரு பேச்சு உண்டு. அதனால் கேள்வியோடு வருகிறவர்கள் குறைவு.

லோகநாதன் பதினோரு வருடம் கழித்து வந்தான்.

மில் ஓடிய காலத்தில் ரெஜினா நூற்புப் பிரிவில் இருந்தார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. மிச்சப் படிப்பைத் துண்டறிக்கைகள் கொடுத்தன. மில் வாசலில் சங்கத்தின் கரும்பலகையில் தினமும் எழுதியது அவர்தான். அவரிடம் எழுதக் கற்றவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவன் சிறைக்குப் போனான். ஒருவன் சட்டமன்றத்துக்குப் போனான். மற்றவர்கள் மில் மூடியதும் கண்ணில் பட்ட கதவில் நுழைந்தார்கள்.

லோகநாதன் நுழைந்தது விளம்பரத்தின் கதவில். அவனுக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது, ரெஜினாவைவிட மூன்று வயது குறைவு. சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், கம்பெனிகளுக்காக மெயில் அனுப்பும் அலுவலகத்தில் அவனுக்குத் தனி அறை இருந்தது. மெயிலின் தலைப்பு வரியை எழுதுவது அவன் வேலை. உள்ளே ஆயிரம் எழுதலாம். தலைப்பு வரி பிடிக்காவிட்டால் யாரும் திறப்பதில்லை. அவன் எழுதிய ஒரு வரியைப் பார்த்து ஒரே நாளில் நாலாயிரம் பேர் மிக்சி வாங்கினார்களாம். அந்த வரியைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

சங்க அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒரே அறை. இப்போது அது ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் சங்கம். ரெஜினா தரையில் உட்கார்ந்து துண்டறிக்கை மடித்துக்கொண்டிருந்தார். எதிரே குணவதி. பகலில் குப்பை வண்டி தள்ளுகிறவள், சங்கத்தில் துணைத் தலைவி.

"யாருங்க அது, சென்ட் வாசம் முதல்ல வருது, ஆளைக் காணோம்?" என்றாள் குணவதி.

"லோகு," என்றார் ரெஜினா, தலை நிமிராமல். "மூச்சு வாங்கறது கேக்குது பார். முதலாளிங்க லிப்ட் வெக்கிறது இதுக்குத்தான். ஆளு தானா ஏற மறந்துருவான்."

லோகநாதன் வாசலில் நின்றான். "நல்லா இருக்கீங்களா, தோழர்?"

"உக்காரு. மடி."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். ஒரு தாளை எடுத்து மடித்தான். விரல்கள் மறந்திருக்கவில்லை.

"ஒரு சந்தேகம், தோழர். ஒரு தலைப்பு வரி எவ்வளவு நீளம் இருக்கணும்?"

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து கேக்கிற கேள்வி இது."

"நாளைக் காலையில மெயில் போகணும். மனசு ஒரு நிலையில இல்லை."

"மெயிலுக்கு எதுக்குடா மனசு?"

அவன் சொன்னான். ஒரு ஹீட்டர் கம்பெனி. குளியலறையில் மாட்டும் ஹீட்டர். அதில் ஒரு மாடலுக்குள் ஒரு பாகம் சரியில்லை. சூடாகும் தண்ணீரில் மின்சாரம் இறங்கலாம். இறங்கியும் இருக்கிறது, இதுவரை தப்பித்துவிட்டார்கள். பதினெட்டாயிரம் பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். ஹீட்டரை அணையுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

"போன் பண்ணக் கூடாதா?" என்றாள் குணவதி.

"பாதிப் பேர் நம்பர் இல்லைங்க. மெயில் முகவரிதான் எல்லார்கிட்டயும் வாங்கியிருக்காங்க. மெயில்னா அனுப்பினதுக்கு ஆதாரமும் இருக்கும்."

ரெஜினா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு ஆதாரம்?"

லோகநாதன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். அதில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியை வாசித்தான்.

"உங்கள் நலனில் என்றும் அக்கறை கொண்ட எங்கள் குடும்பத்திடமிருந்து, தாங்கள் வாங்கிய ஹீட்டர் மாடல் ஒன்றின் பாதுகாப்பு குறித்த ஒரு சிறு தகவல்."

"இன்னொண்ணு?"

"குளியலறை ஹீட்டரை உடனே அணையுங்கள்."

"முதல் வரி கம்பெனிக்குப் பிடிச்சது."

"ஆமாம். எங்க மேனேஜரும் சொல்றாரு, மரியாதையா இருக்குதாம். பயமுறுத்தற மாதிரி இல்லையாம்."

"ரெண்டாவது?"

"எனக்குப் பிடிச்சது."

"எழுதினது யாரு?"

லோகநாதன் தாளை மடித்தான். மடிப்பு கோணலாக விழுந்தது.

"ரெண்டையும் நான்தான் எழுதினேன்."

குணவதி சிரித்துவிட்டாள். "ரெண்டு பக்கமும் நீங்களே மத்தளம் அடிக்கிறீங்களா சார்?"

ரெஜினா சிரிக்கவில்லை. "குணவதி, உன் போன்ல மெயில் வருமா?"

"வருதுங்க. கடைக்காரன் வாங்குனப்பவே போட்டுக் குடுத்தான். தினம் நாப்பது வரும். லோன் வேணுமா, நகை வேணுமா, மாப்பிள்ளை வேணுமான்னு. எனக்கு மாப்பிள்ளை வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"முதல் வரியை அவளுக்கு அனுப்பு."

லோகநாதன் தன் போனிலிருந்து அனுப்பினான். குணவதியின் போன் ஒரு தடவை முனகியது. அவள் எடுத்து, கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி வாசித்தாள்.

"உங்கள் நலனில் என்றும் அக்கறை கொண்ட எங்கள். அப்புறம் மூணு புள்ளி."

"அவ்வளவுதான் தெரியுதா?"

"அவ்வளவுதாங்க."

"திறப்பியா?"

"எதுக்கு? என் நலனில் அக்கறை இருக்கிறவன் மெயிலா போடுவான்?" அவள் கட்டைவிரலால் அதை ஓரமாகத் தள்ளினாள். அது போய்விட்டது.

"இப்போ ரெண்டாவது."

போன் மறுபடி முனகியது. குணவதி வாசித்தாள். "குளியலறை ஹீட்டரை உடனே அணையுங்கள்." போனைக் கீழே வைத்தாள். "எங்க வீட்ல ஹீட்டர் இல்லைங்க. இருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பேன்."

"திறந்து பாத்தியா?"

"எதுக்குத் திறக்கணும்? வெளியவே தெரியுதே."

ரெஜினா லோகநாதனைப் பார்த்தார். அவன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மில் வாசல்ல பலகை எங்க நின்னுச்சு?" என்று கேட்டார்.

"சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல."

"நின்னு படிச்சவன் பேரை மேஸ்திரி குறிச்சுக்குவான். மறு வாரம் அவனுக்கு வேற ஷிப்ட், வேற மிஷின். அதனால நிக்காம, நடந்துகிட்டே, கழுத்தைத் திருப்பாமப் படிக்கிற அளவுதான் எழுதினோம். எழுதிட்டு நானே மூணு தடவை நடந்து பார்ப்பேன். எத்தனை சொல்?"

"நாலு."

"அதைத்தான் கேட்டே. சொல்லியாச்சு."

"நாலு சொல்லுன்னு எனக்கும் தெரியும், தோழர். உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

"உனக்கு மட்டுமா தெரியும்? உன் மேனேஜருக்கும் தெரியும். நாலு சொல்லுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதாலதான் ஹீட்டரைப் பத்தாவது சொல்லுல வெச்சிருக்காங்க. எண்ணிப் பார்."

அவன் எண்ணவில்லை. எழுதியவனுக்கு எண்ணத் தேவையில்லை.

"எது போகணும்னு சொல்லுங்க."

"நீ நீளத்தைக் கேட்டே. யார் பக்கம்னு கேக்கலை." ரெஜினா மடித்த கட்டு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி அவன் மடியில் வைத்தார். "போற வழியில பஸ் ஸ்டாண்டுல குடுத்துட்டுப் போ."

அவன் கட்டைச் சுமந்துகொண்டு இறங்கினான். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"குடுப்பாருங்களா?" என்றாள் குணவதி.

"மாட்டான்," என்றார் ரெஜினா.

வெள்ளிக்கிழமை மாலை லோகநாதன் மறுபடி வந்தான். இந்த முறை மூச்சு வாங்கியது தெரியவில்லை, அவ்வளவு வேகமாக ஏறினான். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. அறையில் கூட்டம் முடிந்து பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மேலும் பிளீச்சிங் பவுடர் வாசம் இருந்தது.

"ஜெயிச்சுட்டோம், தோழர்," என்றான்.

"யாரு?"

"நம்ம வரிதான் போச்சு."

"மேனேஜர் ஒத்துக்கிட்டாரா?"

"அவரை ஒத்துக்க வெச்சேன். சண்டை போடலை. எங்க வேலையிலயே அதுக்கு ஒரு வழி இருக்கு." அவன் பெண்களுக்கும் கேட்கும்படி உட்கார்ந்துகொண்டான். மேடை கிடைத்தால் விடாத பழக்கம் அவனிடம் இன்னும் மிச்சமிருந்தது. "எந்த வரி நல்லதுன்னு சந்தேகம் வந்தா நாங்க வாக்குவாதம் பண்ண மாட்டோம். பட்டியல்ல பத்துல ஒரு பங்கு ஆளுங்களுக்கு, சாம்பிளா, இந்த வரி. இன்னொரு பங்குக்கு அந்த வரி. நாலு மணி நேரம் பொறுத்திருப்போம். எதை அதிகம் பேர் திறந்தாங்களோ, அது மிச்சம் எட்டுப் பங்குக்கும் போகும். மேனேஜர்கிட்டச் சொன்னேன், சார், நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், மக்கள் சொல்லட்டும்னு. அவரு மறுக்க முடியலை. அது எங்க ஆபீஸ் விதி."

"என்ன வந்துச்சு?"

"ஆயிரத்து எண்ணூறு பேருக்கு நம்ம வரி. ஆயிரத்து நூறு பேர் நாலு மணி நேரத்துல திறந்துட்டாங்க. என் சர்வீஸ்ல இந்த மாதிரி பார்த்ததில்லை."

"மிச்சம் எழுநூறு பேர்?"

"திறக்கலை."

"திறக்காமலே அணைச்சிருப்பாங்க," என்றாள் குணவதி.

லோகநாதன் அவளைப் பார்த்தான். அது அவனுக்குத் தோன்றவில்லை. அவன் அலுவலகத்தில் திறந்தவர்களை மட்டுமே எண்ணுவார்கள்.

"நீளமான வரி?" என்றார் ரெஜினா.

"அதுவும் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு. நூத்தி எழுபது பேர்தான் திறந்தாங்க. மேனேஜர் முகத்தைப் பார்க்கணுமே. பதினோரு மணிக்கு நம்ம வரி பதினாலாயிரத்து நானூறு பேருக்குப் போச்சு."

ரெஜினா மைசூர்பாகு டப்பாவை வாங்கித் திறந்தார். எழுந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். நெய் வாசம் பிளீச்சிங் வாசத்தை ஒரு நிமிடம் மறைத்தது. வரிசையில் ஏழாவதாகக் குணவதி உட்கார்ந்திருந்தாள். அவள் கை நீட்டினாள். ரெஜினா அவளைத் தாண்டி எட்டாவது பெண்ணிடம் போனார்.

"ஏனுங்க, எனக்கு?"

"நீ சாம்பிள்."

"அப்படின்னா?"

"சார் சொல்லுவாரு."

லோகநாதன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீள வரி போனவங்களுக்கும் மெயில் போயிருச்சு, தோழர். உள்ளே எல்லா விவரமும் இருக்கு."

"திறக்காத ஆயிரத்து அறுநூத்து முப்பது பேருக்கு நாலு சொல் வரி போச்சா?"

"ஒரு மெயிலை ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை அனுப்பக் கூடாது. அது விதி. அனுப்பினா எரிச்சலாகிக் குப்பைன்னு தள்ளுவாங்க. நிறையப் பேர் தள்ளினா எங்க மெயில் யாருக்குமே போய்ச் சேராது. சிஸ்டமே தானா அவங்களை விலக்கி வெச்சிரும்."

"மிக்சி விக்கிறப்ப அந்த விதி சரி."

"ஆமாம்."

"இது மிக்சியா?"

லோகநாதன் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கியது. இத்தனை வருடத்தில் ஆயிரம் தடவை செய்த வேலையைக் கை அதன் போக்கில் செய்துவிட்டது. சாம்பிள் எடுத்தது அவன். அதைக் கேட்டு வாங்கியதும் அவன்.

"திங்கக்கிழமை கேட்டுப் பார்க்கிறேன்," என்றான்.

"இன்னிக்கு வெள்ளி."

"சனி, ஞாயிறு அனுமதி தர ஆள் இருக்க மாட்டாங்க, தோழர்."

ரெஜினா டப்பாவைக் கீழே வைத்தார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"சரி," என்றார். "கேட்டுப் பார்."

மிச்சமிருந்த துண்டுகளைப் பெண்கள் தாளில் மடித்துப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போனார்கள். குணவதி எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மத்தியானம் லோகநாதன் வந்தபோது ரெஜினா தனியாக இருந்தார். ஒரு பக்கெட்டில் பசை கரைத்துக்கொண்டிருந்தார். அவன் உட்காரவில்லை. தோளில் லேப்டாப் பை. கையில் நாலாக மடித்த செய்தித்தாள்.

"படி," என்றார் ரெஜினா.

அவன் வாசித்தான். குரல் அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பதுபோல் ஒரே மட்டத்தில் இருந்தது.

"கிணத்துக்கடவு அருகே குளியலறையில் மின்சாரம் தாக்கி கோகிலவாணி, வயது முப்பத்தொன்று, உயிரிழந்தார். வயரிங் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று கூறப்படுகிறது. இவருக்குக் கணவரும் இரண்டு குழந்தைகளும் உள்ளனர்."

பசைக் குச்சி நின்றது.

"பட்டியல்ல பார்த்தியா?"

"பார்த்தேன். அதே பேர், அதே ஊர். நீளமான வரி போனவங்கள்ல இருக்காங்க. திறக்கலைன்னு காட்டுது."

"எப்போ செத்தா?"

"திங்கக்கிழமை காலையில."

கீழே சைக்கிள் கடையில் யாரோ பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை கேட்டியா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. இன்னொரு மெயில் போட்டா முதல் மெயில் போதலைன்னு நாமே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருமாம். வக்கீல் சொன்னாராம்."

"இன்னிக்குக் காலையில இந்தப் பேப்பரைக் காட்டினியா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

லோகநாதன் தரையைப் பார்த்தான். "நல்லவேளை, அவங்களுக்கு மெயில் போயிருக்குன்னு சொன்னாரு. அனுப்பின நாள், நேரம் எல்லாம் பிரிண்ட் எடுத்து வெக்கச் சொன்னாரு."

ரெஜினா ஒரு தடவை தலையாட்டினார். எதிர்பார்த்த ஆள் எதிர்பார்த்த நேரத்துக்கு வந்ததுபோல.

"தோழர்," என்றான் லோகநாதன். "ஒண்ணு கேக்கணும். அந்த வரியில ஹீட்டருங்கிற சொல்லை நாலாவது இடத்துக்குக் கொண்டு வந்திருந்தா அந்தப் பொண்ணு திறந்திருக்குமா? மேனேஜரும் ஒத்துக்கிற மாதிரி, கொஞ்சம் நீளமா, கொஞ்சம் குட்டையா ஏதாவது எழுதியிருக்கலாமா?"

"இன்னும் நீளத்தைத்தான் கேக்கறியா?"

"வேற என்ன கேக்கறதுன்னு தெரியலை."

ரெஜினா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"அறுபத்து மூணு நாள் ஸ்டிரைக் முடிஞ்ச அன்னிக்கு நான் என்ன எழுதினேன்?"

"வெற்றி. நாளை முதல் ஷிப்ட்."

"எத்தனை சொல்?"

"நாலு."

"ஒப்பந்தத்துல என்ன இருந்துச்சு?"

லோகநாதனுக்குத் தெரியும். அன்று சாக்பீஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.

"நிரந்தர ஆளுங்களுக்கு மட்டும் வேலை. பதிலிகளுக்கு இல்லை."

பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் உள்ளே அழைக்கப்படுகிறவர்கள். தினமும் விடியும்போது வாசலில் நிற்பார்கள். பேர் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு. ஸ்டிரைக்கின்போது அறுபத்து மூன்று நாளும் முன்வரிசையில் நின்று அடி வாங்கியது அவர்கள்தான். அந்த மில்லில் முப்பத்தெட்டுப் பேர்.

"நீ அன்னிக்கு என்னைக் கேட்டே," என்றார் ரெஜினா. "பதிலிகள் தவிரன்னு போட வேண்டாமான்னு. நான் என்ன சொன்னேன்?"

"நீளமாயிரும்னீங்க. பின்னாடி சொல்லிக்கலாம்னீங்க."

"தலைவருங்க அப்படிச் சொல்லச் சொன்னாங்க. விஷயம் தெரிஞ்சா நிரந்தர ஆளுங்க கையெழுத்தை ஒத்துக்க மாட்டாங்க, மறுபடி ஸ்டிரைக்குன்னு உக்காந்துருவாங்கன்னு பயம். மறுநாள் முப்பத்தெட்டுப் பேரும் சோத்துத் தூக்குப்போசியோட வந்தாங்க. நல்ல சட்டை போட்டுட்டு வந்தாங்க. வாட்ச்மேன் பட்டியலை வாசிச்சான். வாசிச்சு முடிச்சதும் அவங்க இன்னும் பக்கம் இருக்குன்னு நினைச்சு நின்னுகிட்டே இருந்தாங்க."

"பார்த்தேன்," என்றான் லோகநாதன். "நான் உள்ளே போயிட்டேன்."

"நானும்தான் போனேன். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு ஒவ்வொரு வீடாப் போனேன், நானே சொல்லணும்னு. முதல் வீட்ல கதவைத் திறக்கலை. மூணாவது வீட்ல ஒருத்தர் தண்ணி குடுத்தாரு. குடிச்ச டம்ளரை வாங்கித் தெருவுல வீசினாரு. ஒரு வீட்ல தூக்குப்போசி திறக்காம அப்படியே இருந்துச்சு, சாயங்காலம் வரைக்கும். பதினாறு வீடு போனேன்."

"மிச்சம் இருபத்திரண்டு?"

"மழை வந்துச்சு."

லோகநாதன் செய்தித்தாளைப் பையில் செருகினான்.

"மழை நின்ன பிறகும் போகலை," என்றார் ரெஜினா. "வெள்ளிக்கிழமை நீ திங்கக்கிழமை கேக்கறேன்னே. நான் சரின்னேன். அந்தச் சரி எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

பசை ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஆடை படிந்துவிட்டது. ரெஜினா குச்சியால் அதை விலக்கிவிட்டு மறுபடி கலக்கத் தொடங்கினார்.

லோகநாதன் உட்கார்ந்தான். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தான்.

"கடவுச்சொல் இன்னும் எங்கிட்டதான் இருக்கு," என்றான். "அனுப்பின அஞ்சாவது நிமிஷம் மேனேஜருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

"நாளைக்கு வேலை இருக்காது. இந்த வயசுல வேற எவனும் எடுக்க மாட்டான். கேஸும் போடுவாங்க."

"போடுவாங்க."

"நல்லதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, தோழர்?"

"பொய்யா சொல்லட்டுமா?"

அவன் தட்டினான். விதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். இரண்டாம் முறை அனுப்ப வேண்டுமா என்று திரை கேட்டது. வேண்டும் என்றான். உறுதிதானா என்று கேட்டது. உறுதி என்றான். அனுமதி தந்தவர் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. தன் பெயரை எழுதினான். தலைப்பு வரியில் நாலு சொல் எழுதினான். பிறகு பட்டியல் வந்தது. ஆயிரத்து அறுநூற்று முப்பது பெயர்கள். விரலால் கீழே இறக்கிக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நின்றான்.

"என்ன?" என்றார் ரெஜினா.

"கோகிலவாணியும் இதுல இருக்காங்க. இந்தப் பேரை மட்டும் எடுத்துட்டு அனுப்பறேன்."

"எதுக்கு?"

"போன் இப்போ அந்த வீட்டுக்காரர் கையிலதான் இருக்கும், தோழர். பொண்டாட்டியை எரிச்சுட்டு வந்து உக்காந்திருக்கிற மனுஷன். இன்னிக்கு இந்த வரி வந்து விழுந்தா எப்படித் தாங்குவாரு? அன்னிக்கே சொல்லியிருக்கலாமேன்னுதானே நினைப்பாரு?"

"நினைப்பாரு."

"அப்போ எடுத்துடறேன்."

"எடுக்காதே."

"தோழர்..."

"பேப்பர்ல வயரிங் கோளாறுன்னுதான் போட்டிருக்கு. அந்த வீட்ல இன்னும் மூணு பேர் குளிக்கிறாங்க."